தீர்த்தக்கரையில் சொன்ன பெயர்கள்

அடியார்களே, மலத்தில் இரத்தம் கண்டபோது முந்தின நாள் தின்ற பீட்ரூட்தான் என்று சிரித்தவன் நான். பீட்ரூட் தின்னாத நாட்களிலும் போனது. பெரியகல்லாற்றில் தோணி வலிக்கிறவன். படிப்பும் இல்லை, புத்தியும் இல்லை. சண்டை முடிகிற வருடம் குடலில் புற்றுநோய் என்று வெட்டி எடுத்தார்கள்.

“சுருட்டு, சாராயம் எல்லாத்தையும் விடுங்க. விட்டாலும் திரும்ப வரலாம். குடும்பத்தில ஆருக்கும் இருந்ததா?” என்றார் டொக்டர்.

அப்பாவும் பெரியப்பாவும் வயிறு வீங்கித்தான் செத்தார்கள். வலைச் சண்டையில் பகைத்த ஒருவன் வைத்த செய்வினை என்று நம்பியிருந்தோம்.

“இது இரத்தத்தில வாறது. கூடப்பிறந்தவங்களையும் கூட்டி வாங்க.”

காணி வைக்காத அப்பா எனக்கு வைத்த சொத்து அது ஒன்றுதான்.

அம்மாவைச் சுனாமி வந்த வருடம் கடல் கொண்டுபோனது. மிச்சம் தம்பி ஒருவன். அவனும் வன்னியில், சண்டைக்குள். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. வயிற்றில் தையலோடு சுவரைப் பார்த்துக் கிடந்தேன். சிரிப்பும் பகிடியும் வற்றிப்போயின. ‘மாமாங்கேஸ்வரா, என்னை விட்டுவை’ என்றுதான் முதலில் அழுதேன். பிறகு வெட்கப்பட்டு, ‘தம்பியையும்’ என்று சேர்த்துக்கொண்டேன்.

மறுவருடம் அகதி முகாமிலிருந்து தம்பி வந்தான், கையில் மந்திரித்த நூலோடு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன்.

“ஷெல்லுக்குச் சாகாதவன் குடலுக்குச் சாவனா? செய்வினையைக் கழிச்சாச்சு. பேசாம இருங்கண்ண.”

காலில் விழுந்தும் பார்த்தேன். அசையவில்லை.

ஆடி அமாவாசையன்று அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்கரையில், அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க இருவரும் இருந்தோம். ஐயர் பெயர் கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன், பிறகு அப்பப்பா பெயரை. எள் அள்ளிய தம்பியின் கை அப்படியே நின்றது.

“அப்பப்பா என்ன வருத்தம் வந்து செத்தவர், அண்ண?”

“அதே வயிறுதாண்டா. அம்மா சொல்லுவா.”

“அப்ப அந்தச் செய்வினைக்காரன் பிறக்கவே இல்லையே!”

“இல்லத்தான்.”

“அடுத்தது நானா?”

“வரிசையில நான் முந்திட்டன். நீ விலகி நில்லு.”

அவன் சிரிக்கவில்லை. “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாறன்” என்று அழுதான்.

கமரா விட்டுப் பார்த்தபோது அவன் குடலில் முளைகள் இருந்தன. புற்றாக மாறுமுன் எடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு சோதனைக்கும் இன்னும் பயந்துகொண்டுதான் போகிறேன். இனி வராது என்று ஒருவரும் சொல்லவில்லை. சுருட்டும் சாராயமும் போய்விட்டன. என்னிடம் இருந்த நல்ல குணங்கள் அவை இரண்டும்தான். ஆனால் தோணியில் எனக்கு முன்னால் இருந்து தம்பி துடுப்பு வலிக்கிறான். நான் பிந்திக் கேட்டதை ஆண்டவன் முந்தித் தந்தார். மற்றதற்கும் அவரையே நம்பிக் கிடக்கிறேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். அடுத்த ஆடி அமாவாசைக்குப் பெயர் சொல்லும்போது, அவர்கள் என்ன வருத்தத்தில் போனார்கள் என்பதையும் பக்கத்தில் இருக்கிற தம்பி தங்கைக்குச் சொல்லுங்கள்.