எப்சிபாவின் ஊதுபத்தி

எப்சிபா ஊதுபத்தியைக் கொளுத்திக் கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்புக்கு நேரே நீட்டுகிறாள். புகை வளைந்து உள்ளே பாய்கிறது. "போறான் பாரு, போறான் பாரு!" காற்று அவளுக்கு எப்போதும் 'அவன்'தான்.

திருப்பதியில் வீட்டு முன்னறையே கடை. தண்ணீர் ஓட்டிக் குளிர வைக்கும் கம்ப்யூட்டர் பெட்டி மக்கர் பண்ணினால் சூளூர்பேட்டையிலிருந்துகூடத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அறையெங்கும் மல்லிகை ஊதுபத்தி மணம். அம்மா ஜெயகுமாரிக்கு அதுதான் ஆகாது. சித்தூர் மிஷன் சபைக் குடும்பம். "பாஸ்டரம்மா வந்தா இன்னா நெனைப்பாங்க? பத்தி கொளுத்திக்கினு குந்திக்கினு கீறா!"

"காத்து கண்ணுக்குத் தெரியாதும்மா. புகைதான் அவனக் காட்டிக் குடுக்கும்." பாதி எரிந்த பத்தியை அணைத்துக் காதில் செருகிக்கொள்வாள், தச்சர் பென்சிலைச் செருகுவதுபோல.

இன்று எதிரே நகம் கடித்து நிற்பவன் சித்தூர் சிரஞ்சீவி, கல்யாண வீடியோக்காரன். சாயங்காலம் இதே ஊரில் ரிசப்ஷன். அங்கே பெரிய திரையில் ஓட வேண்டிய படம் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டி ஒட்டியதை ஒரே படமாக்க எக்ஸ்போர்ட் போட்டால், பெட்டி பாதியில் சூடேறி அணைந்துவிடுகிறது.

பத்தி மேலே, தண்ணீரின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரின் ஃபேன்களுக்குப் போகிறது. அங்கும் புகை உள்ளே. பின்பக்கம்? அதுவும் உள்ளே!

"எல்லாரையும் உள்ள வுட்டுட்டு வெளிய போற கதவ மூடிட்டியே நைனா! மலைமேல கியூவுல இப்டிப் பண்ணா இன்னா ஆவும்?"

"ஃபேனு லைட்டு தெரியட்டும்னு திருப்பினேன்க்கா. கஸ்டமருங்க சோபாவுல குந்திக்கினு மேல இருந்துதான் பாக்குறாங்க..."

ஃபேனின் அழகான முகம் காற்றை இழுக்கும், முதுகு தள்ளும். இவனோ எல்லா முகத்தையும் வெளியே காட்டியிருக்கிறான்.

"அழகுக்காக மூச்ச அடச்சிட்ட!" திட்டும்போதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஸ்க்ரூக்கள் தட்டில் சிதறுகின்றன. முன்னால் இருப்பவை அப்படியே. மேலேயும் பின்னாலும் முகத்தை உள்ளே திருப்பி மாட்டுகிறாள். ஸ்விட்ச். முகப்பில் மறுபடி புகை. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ரேடியேட்டர்மேல் குனிகிறாள். ஒன்றுமில்லை... பிறகு மெல்லிய இழையாக, வெள்ளையாக, மேலே!

"வந்துட்டான்!" எப்சிபா குதிக்கிறாள்.

முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அம்மா எட்டிப் பார்க்கிறாள். "வந்துட்டானா?"

சிரஞ்சீவி மறுபடி எக்ஸ்போர்ட் போடுகிறான். திரையில் பட்டை ஊர்ந்து பாதியைத் தொடுகிறது. "ஏடுகொண்டலவாடா" என்று மலைப் பக்கம் கும்பிடுகிறான் சிரஞ்சீவி. "ஏசப்பா" என்கிறாள் அம்மா. எப்சிபா பெட்டியின் மேல் உள்ளங்கையை நீட்டிச் சூடு வெளியேறுவதைப் பிடித்துப் பார்க்கிறாள். பட்டை பாதியைத் தாண்டி, நகர்ந்து, நிறைகிறது.

சிரஞ்சீவி படம் ஏறிய பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். "அக்கா, பெட்டிய அப்பறமா எத்துக்கினு போறேன்!"

வெளியே வெயில் தாழ்ந்துவிட்டது. ஜெபக் கூட்டத்துக்கு நேரம். எப்சிபா முகம் கழுவிப் பைபிளோடு வாசலுக்கு வருகிறாள். காதில் கரிந்த நுனியோடு பத்தி. ஜெயகுமாரி முறைத்து, வெடுக்கென்று உருவி, குப்பைக் கூடை வரை போகிறாள். அங்கே ஒரு கணம் நிற்கிறாள். பிறகு திரும்பி வந்து, ஸ்க்ரூடிரைவர்கள் கிடக்கும் இழுப்பறையைத் திறந்து, பத்தி ஒடியாமல் உள்ளே வைத்து மூடுகிறாள்.