முதலில் ஒரு காது

உனக்கு இப்போது ஒன்பது வயது. பாடப் புத்தகத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பிக்கும் வாசித்துக் காட்டு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. தப்பு இருந்தால் திருத்திக்கொள்.

என் நெஞ்சில் இருக்கும் தழும்பை நீ பார்த்திருக்கிறாய். சின்ன வயதில் வந்த ஒரு பரு. ஆறியது, ஆனால் ஆறியதோடு நிற்கவில்லை. பரு இருந்த இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் கால் நீட்டி வளர்ந்தது. திருமலை அடிவாரத்து அலிபிரி ஆட்டோ ஸ்டாண்டில் என் பெயர் நண்டு. "நண்டு வண்டில ஏறாதீங்க சாமி, கடிச்சிடும்" என்று யாத்திரை வருபவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடவே சிரிப்பேன். முறைத்துக்கொண்டால் ஸ்டாண்டில் இருக்க முடியாது.

என் அக்கா, அதாவது உன் அத்தைக்கு, இரண்டு காதிலும் அதே. தோடு போடக் குத்திய இடத்தில் நெல்லிக்காய் போல வளர்ந்தது. சித்தூரில் ஒருவரிடம் அறுத்துக்கொண்டாள். அடுத்த வருடமே எலுமிச்சை அளவில் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு பல வருடம் அவள் தலையிலிருந்து முந்தானை இறங்கி நான் பார்த்ததில்லை.

நீ பிறந்து மூன்று வருடம் கழித்து, நெஞ்சு அரிப்பு தாங்காமல் திருப்பதியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். இந்தத் தழும்பு ஏன் சில குடும்பங்களில் மட்டும் இறங்குகிறது, எந்த மரபணு காரணம் என்று தேடும் டாக்டரம்மா ஒருவர் அங்கே இருந்தார். எங்கள் குடும்பத்தையே காகிதத்தில் வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். தழும்பு இருந்தால் உள்ளே கறுப்பு. உனக்கும் ஒரு வட்டம் போட்டார். அது வெள்ளையாக இருந்தது.

அத்தையையும் அழைத்துப்போனேன். ரத்தம் கொடுத்தாள். போட்டோ என்றதும் என்னை முறைத்தாள்.

"இத்தினி வருசம் மூடிக்கினு இருந்தத போட்டோ புடிக்கவாடா கூட்டியாந்த?"

"பேரு போட மாட்டாங்கக்கா. நம்பர்தான்."

"நம்பர் போட்டா காது மாறிடுமா?"

சொல்லிவிட்டு முந்தானையை இறக்கினாள். கிளம்பும்போது உன்னைப் பற்றிக் கேட்டேன். "வரும், வராதுன்னு இன்னும் யாராலயும் சொல்ல முடியாது. அதைத்தான் தேடிக்கினு இருக்கோம். குழந்தைக்குக் காது குத்தாதீங்க. குத்தினா மூணு மாசத்துலயும் வரலாம், ஒரு வருசம் கழிச்சும் வரலாம்" என்றார் டாக்டரம்மா.

நான் வீட்டுக்கு அந்த மூன்று மாதத்தை மட்டும் எடுத்துவந்தேன்.

உனக்கு ஐந்து வயதில் திருமலையில் மொட்டை போட்டோம். மறுநாள் நகரியில், பவர்லூம் ஓட்டும் உன் மாமா வீட்டில், அவர் மடியில் உட்காரவைத்துக் காது குத்து. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். நான் தயங்கினேன்.

"பொட்டப்புள்ளய மூளிக் காதோட வளக்கப் போறியா மாப்ள?" என்றார் மாமா. "நாளிக்கு இவள எவன் கேட்டு வருவான்?"

அப்போதுதான் அத்தை அவ்வளவு பேர் நடுவில் முந்தானையைத் தள்ளிவிட்டு என் எதிரே நின்றாள். "டேய், என் காத பாருடா. பாத்துட்டு குத்து."

மாமா, "நல்ல காரியம் நடக்கற எடத்துல அத மூடிக்கோக்கா. புள்ளிங்க துன்னுகினு இருக்குதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டாண்டில் பழகிய வாய், நானும் சிரித்தேன். அத்தை முந்தானையை இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் போனதும் எனக்கு ஒரு புத்தி வந்தது. ஆராய்ச்சியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் அல்லவா? "தழும்பு இருக்கறவங்க, இல்லாதவங்க, ரெண்டு பேரையும் வெச்சித்தான் பாக்கறாங்க. அதே மாரி, மொதல்ல ஒரு காது குத்துவோம். மூணு மாசத்துல ஒண்ணும் வரலன்னா இன்னொண்ணு" என்றேன்.

"ஆட்டோக்காரன் டாக்டராயிட்டான்யா!" என்று மாமா தொடையில் தட்டினார்.

நீ திமிறினாய். உன் தலையைப் பிடித்தது மாமா இல்லை, நான்.

தினமும் டார்ச் அடித்து வலது காதைப் பார்த்தேன். மூன்று மாதம் சுத்தமாக இருந்தது. நானே ஆசாரியிடம் கூட்டிப்போய் இடது காதையும் குத்திவந்தேன். அன்று உனக்கு ஐஸ் வாங்கித் தந்தேன். ஏழாம் மாதம் வலது காதில் கடுகு போல ஒன்று. அது வளர வளர, ஒன்றும் ஆகாத இடது காதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் மாதம் அதிலும் வந்தது.

டாக்டரம்மா உன் இரண்டு காதையும் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. உன் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, பழைய காகிதத்தை எடுத்து உன் வட்டத்துக்குள் கறுப்பு அடித்தார். நீ அதைப் பார்த்தபடியே கேட்டாய்: "நைனா, டாக்டரம்மா குத்த வேணாம்னு முன்னாடியே சொன்னாங்களா?"

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இல்ல பாப்பா. சொல்லல" என்றேன்.

அவர் குனிந்து மிச்ச வட்டத்தையும் அடித்து முடித்தார்.

இப்போது மாதம் ஒரு முறை அந்தக் கட்டிக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். நீ அழுவதில்லை, என் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொள்கிறாய். எந்த மரபணு என்று இன்னும் தெரியவில்லை. வரும் மாதம் உன் தம்பிக்குக் காது குத்த மாமா நாள் பார்த்திருந்தார். வேண்டாம் என்றேன். "பொண்ணு காத கெடுத்துட்டு இப்பதான் ஒனக்கு புத்தி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என்னிடம் பதில் இல்லை.

நீ அன்று கேட்டதற்கு மட்டும் இருக்கிறது. டாக்டரம்மா சொன்னார். முன்னாடியே சொன்னார்.