தெர்னோவெட்ஸை இடம் மாற்றியவள்

ஸ்தாமேனா எங்கள் மலைப்பகுதியில் இருபத்திரண்டு வருடம் தபால் கொடுத்தவள். எந்த வீட்டில் யார் பெயருக்குக் கடிதம் வரும், யார் ஊரை விட்டுப் போயும் முகவரியை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தெர்னோவெட்ஸில் கடை வைத்திருக்கும் எனக்கு அவள் பக்கத்து வீடு.

எங்கள் ஊர் அப்போது கோர்னியாக் வட்டத்தில் இருந்தது. கோர்னியாக் ஒன்பது கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஆறு. வெள்ளத்தில் பாலம் போய் இரண்டு வருடமாகியும் வட்டத்தின் மேயர் ரங்கெல் அதைக் கட்டவில்லை. கோர்னியாக் சதுக்கத்தில் விளக்கு வைத்த நீரூற்று மட்டும் கட்டினார்.

பிப்ரவரியில் ஒரு காலை, விறகு பிளந்துகொண்டிருந்த ஸ்தாமேனாவின் கணவன் வெலிச்கோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் அக்கரைக்கு வந்துவிட்டது. அதன் சிவப்பு விளக்கு சுழல்வது எங்களுக்குத் தெரிந்தது. மலையைச் சுற்றிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் கடந்து அது வாசலுக்கு வந்தபோது வெலிச்கோவின் கை சில்லிட்டிருந்தது.

அடக்கம் முடிந்து இறந்தவர் நினைவாகக் கொடுக்கும் வேகவைத்த கோதுமையை எல்லோரும் கையில் வாங்கிக்கொண்டிருந்தபோது ரங்கெல் மலர்வளையத்தோடு வந்தார். அவரும் எங்கள் ஊரில் பிறந்தவர்தான்.

"பாலம் இருந்திருந்தா பொழைச்சிருப்பாரு" என்றாள் ஸ்தாமேனா.

"எண்பது பேர் இருக்கற ஊருக்கு எவம்மா பாலம் கட்டுவான்? மேப்புல பாத்தா ஒரு புள்ளி. அவ்வளவுதான்."

"அப்படியா? அந்தப் புள்ளியை உங்க மேப்புலேருந்தே எடுத்துடறேன்."

துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தோம். நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே அவள் பேருந்து ஏறி, மலைமுகட்டுக்கு அப்பாலிருக்கும் செலினோ வட்ட அலுவலகத்துக்குப் போனாள். ஒரு ஊர் தன் வட்டத்தை விட்டு அடுத்த வட்டத்தில் சேர என்னென்ன வேண்டும் என்று எழுதி வாங்கி வந்தாள். கையெழுத்து, ஊர் வாக்கெடுப்பு, செலினோ மன்றத்தின் சம்மதம், கடைசியில் தலைநகரின் ஆணை.

வீடு வீடாக ஏறினாள். ரங்கெல் சும்மா இருக்கவில்லை. கையெழுத்துப் போடுபவர்களுக்குக் குளிர்கால விறகு கிடைக்காது என்று ஆள் விட்டுச் சொன்னார். கிழவர் தோப்ரி பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"மாமா, விறகுக்கு நான் பொறுப்பு. வெலிச்கோ பிளந்து வச்சது அப்படியே கெடக்கு, எடுத்துக்கோங்க" என்று வெளியிலிருந்தே சொன்னாள். கதவு திறந்தது.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. கடைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, இதைப் படிங்க. பதினாலாம் நம்பர் வீடு."

ரங்கெலின் பெயர். கோர்னியாக்கில் மாடிவீட்டில் இருந்தாலும், 'நான் மலையின் பிள்ளை' என்று மேடையில் பேசுவதற்காக முகவரியை மாற்றாமலே வைத்திருந்தார். சட்டப்படி ஒருவர் எந்த வட்டத்தில் மேயருக்கு நிற்கிறாரோ, அங்கே ஆறு மாதமாவது குடியிருப்பவராக இருக்க வேண்டும்.

"வெளிய மூச்சு விடாதீங்க" என்றாள். அவள் கண்ணில் அன்றுதான் பழைய வெளிச்சத்தைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வாக்கெடுப்பில் அறுபத்து நான்கு பேர் போகலாம் என்றார்கள். ரங்கெல் சிரித்தார். "தலைநகர்ல இந்தக் காகிதத்தைப் பிரிக்கவே மூணு வருஷம் ஆகும்" என்றாராம். ஆணை அடுத்த வருடமே, மே மாதக் கடைசியில் வந்தது. தேர்தல் அக்டோபரில். நடுவே ஐந்து மாதம்கூட இல்லை; ரங்கெல் இனி கோர்னியாக்குக்கு முகவரியை மாற்றினாலும் ஆறு மாதக் கணக்கு நிறையாது.

ஜூனில் அவரே அவள் வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"நானா உன் புருஷனைக் கொன்னேன்?"

"கொல்லலை. காப்பாத்த வந்தவங்களை வரவிடலை."

"ஒரே ஊர்க்காரங்கடி நாம!"

"ஆமா. அதனாலதான் நீங்களும் எங்களோட செலினோவுக்கு வந்துட்டீங்க. அடுத்த தடவை அங்க போய் நில்லுங்களேன். உங்களை அங்க யாருக்குத் தெரியும்னு பாப்போம்."

நீதிமன்றம் வரை போயும் அவருக்கு வழி பிறக்கவில்லை. அக்டோபர் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இல்லை. நவம்பரில் பதினாலாம் நம்பர் வீட்டைப் பூட்டி, கடற்கரையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். கார் திரும்பும் முனையில் ஸ்தாமேனா மழையில் ஒரு மணி நேரம் காத்து நின்றாள். அவர் கண்ணாடியை இறக்கவில்லை. அவள் கண்ணை எடுக்கவில்லை.

இன்னும் இரண்டு ஊர்கள் கையெழுத்து வாங்கத் தொடங்கியதும் கோர்னியாக்கின் புதிய மேயருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செலவில் அவர் பாதியும் செலினோ பாதியும் ஏற்க, அடுத்த கோடையில் பாலம் எழுந்தது. திறப்பன்று ஊரே ஆற்றங்கரையில் இருந்தது. நான் அவளை அழைக்கப் போனேன். முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, உன்னாலதானே வந்துச்சு."

"நான் பாலத்துக்காகச் செய்யலைண்ணே. நீங்க போங்க."

"இப்பவாவது மனசு ஆறிச்சா?"

"ஆறணும்னு யாரு கேட்டா?" என்று அடுத்த மிளகாயை எடுத்தாள்.