முனிராஜ் எண்ணச் சொன்ன பூ

பாகலூர் சாலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது முனிராஜின் மனைவி லட்சுமம்மா போன் செய்தார். "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா. காலைல எழுப்புனேன், எந்திரிக்கல." பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற, அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய முன்கோபம் தெரியும். இருபது வருடம் நானும் அவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வார்த்து வந்த உதிரிபாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்தோம். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், பார்க்காமலே செக் ஷீட்டை நிரப்பிவிட்டு ஓடுவது நமக்கெல்லாம் கைவந்த கலை. அவருக்கு அது ஆகவே ஆகாது. "பாக்காதத எழுதாத சேகரு. காலியா வுடு. காலியா இருந்தா நாளைக்கு எவனாச்சும் பாப்பான்" என்பார். ஒருமுறை சூப்பர்வைசர் முன்னாலேயே என் ஷீட்டைக் கிழித்துப் போட்டார். ஒரு வாரம் அவரோடு பேசாமல் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செடிகொடி பார்க்க ஒரு லென்ஸோடு தளிக்கு அப்பால் மலையேறிவிடுவார். அங்கே ஒரு புல்வெளி. கோடையிலும் காலடியில் தண்ணீர் கசியும். அதில்தான் அந்த ஊதாப் பூவைப் பார்த்தார். "நம்ம வெள்ளறுகு ஜாதி மாதிரி இருக்குது. ஜென்ஷியன்ங்கறாங்களே, அந்தக் குடும்பம். எலையக் கடிச்சேன், ஒரே கசப்பு. ஆனா கசப்ப மட்டும் வெச்சு எழுத முடியாது" என்றார்.

அதற்குள் சர்க்கரை அவர் கண்ணைக் கெடுத்துவிட்டது. லென்ஸ் மேசையிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் புல்வெளியில் மண் கொட்டி வீட்டுமனை போடப்போகிற சேதி வந்தது. அதைத் தடுக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் மனு எழுதினார்கள். அங்குள்ள செடிகளின் பட்டியல் இவர் பொறுப்பு. பூவை ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் என்னிடம் கொண்டுவந்தார். "நடுவுல மஞ்சளா நிக்குதே மகரந்தத் தாள், அத எண்ணிச் சொல்லு. நாலு இருந்தா நம்ம ஜென்ஷியன் ஜாதி, அபூர்வமானது. எட்டு இருந்தா எங்கயும் கெடக்குற புதர்ப்பூ. எனக்கு மங்கலாத் தெரியுது."

ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மஞ்சளாக ஏதோ கூட்டமாகத் தெரிந்தது. லென்ஸை எடுக்கவே இல்லை. எட்டு என்று அவர் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். "நீ பாத்தா சரிதான்" என்று பட்டியலில் அந்தப் பூ இருந்த வரியை அடித்துவிட்டார்.

அந்த வரி இருந்திருந்தால் புல்வெளி தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. போன மழைக்காலத்தில் அவரோடு போனேன். செம்மண்ணும் லாரித் தடமும்தான் இருந்தன. "நல்ல கண்ணு இருக்கறப்பவே நான் எண்ணியிருக்கணும். என் தப்பு" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கோழை, திறக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று லட்சுமம்மா லென்ஸையும் ஒரு நோட்டையும் என்னிடம் தந்தார். "உங்களுக்குத்தாண்ணா குடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு." நோட்டில் அந்தப் பூ காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் நான் எழுதிய எட்டு, அதன் கீழே, அவருடைய கோணல் கையெழுத்தில், "பார்த்தவர்: சேகர்."

லென்ஸை வைத்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன். நாலுதான்.

இவை மூன்றும் இனி என்னிடம்தான் இருக்கும்: லென்ஸ், பூ, அந்த எட்டு. நான் பாக்கல, முனிராஜண்ணா. அன்னைக்கு நான் பாக்கவே இல்ல.