சுவருக்கு அந்தப் பக்கம் பாகு

மாமனார் செத்த வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பலகாரம் சுடக் கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தருவதைத்தான் சாப்பிட வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்றைக்கும் அதுதான் வழக்கம். வழக்கமெல்லாம் சரிதான். ஆனால் அடுத்தவர்கள் சுட்ட அதிரசத்தை நான் எப்படி வாயில் வைப்பேன்? சொன்னால் திமிர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதிரசம் என்றால் என் கைதான்.

நான் தின்பதைப் பற்றிக்கூடக் கவலையில்லை. கவலையெல்லாம் மாமாவைப் பற்றித்தான். செத்தவருக்கு முதல் தீபாவளியன்று புது வேட்டி வைத்து, அவருக்குப் பிடித்ததை வைத்துப் படைக்க வேண்டும். அதிரசம் என்றால் அவருக்கு உயிர். கடைசிக் காலத்தில் வாயில் ஒரு பல் கிடையாது. என் அதிரசத்தைப் பிட்டுப் போட்டு, பிளேன்டீயில் நனைக்காமலே, ஈறாலேயே மென்று தின்பார். "பஞ்சு மாதிரி இருக்கு தாயி" என்று சொல்லி இன்னொன்றுக்குக் கையை நீட்டுவார். சுகர் இருக்கு மாமா, கிளினிக்கில ஏசுவாங்க என்றால், காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார். அந்த மனுஷனுக்கு எவளோ சுட்ட கல்லை வைத்துப் படைப்பதா? நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

"பெரகல சந்தியில கடையில வாங்கிக்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர்.

கடை அதிரசத்தைப் பிழிந்தால் விளக்கேற்றலாம், அவ்வளவு எண்ணெய். "ஒங்க அப்பாவுக்கு அதத்தான் குடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இளையவள், அக்கா அக்கா என்று என்னையே சுற்றிக்கொண்டிருந்தவள். எங்கள் காம்பராவுக்கும் அவளுடையதற்கும் நடுவில் ஒரே சுவர். மாமா ஒரு ஆடு வளர்த்தார். அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய், அவள் வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த போஞ்சிக் கொடியை மொட்டையடித்துவிட்டு வரும். அதுவும் காய்க்கிற நேரமாகப் பார்த்துத்தான் போகும்.

"மாமா, ஆட்டக் கட்டிப் போடுறீங்களா, இல்ல நான் கறி வைக்கவா?" என்று அவள் அங்கிருந்து கத்துவாள்.

"வையி வையி, எனக்கும் ஒரு கிண்ணம் குடு" என்பார் இவர். இரண்டு பேருக்கும் அது ஒரு பொழுதுபோக்கு.

ஒரு நாள் அது பொழுதுபோக்காக இல்லை. "சாகப்போற வயசுல இந்தக் கெழவனுக்கு ஆடு ஒரு கேடா?" என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! நான் நாலு கேட்டேன், அவள் எட்டு கேட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. கொஞ்ச நாளில் மாமா போய்விட்டார். சாவுக்கு வந்தாள், ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள், என் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனாள். பிறகு குழாயடியில் நான் வந்தால் அவள் நகர்வாள், அவள் வந்தால் நான் நகர்வேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம். விடாத மழை, மூட்டம். கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஈரத்துணியை மாற்றிக்கொண்டு அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மற்ற வருஷமாக இருந்தால் அந்நேரம் மாவும் கையுமாக நின்றிருப்பேன். எங்கள் லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அன்றைக்கு வந்தது கித்துள் கருப்பட்டி கொதிக்கிற வாசனை. கூடவே போனில் யாரோ ஒரு பொம்பளை அதிரசத்துக்குப் பாகு காய்ச்சச் சொல்லிக்கொடுக்கும் குரல்.

இவளா அதிரசம் சுடுகிறாள்? முறுக்கும், அச்சில் சுடுகிற கொக்கிஸும் தவிர வேறொன்றும் சுட்டவள் இல்லை. அதிரசம் என் வீட்டிலிருந்து போகும், அதே தட்டில் அவள் முறுக்கு திரும்பி வரும். எனக்கு வயிறு எரிந்தது. நான் சட்டி வைக்க முடியாத வருஷமாகப் பார்த்து இவளுக்கு அதிரசம் கேட்கிறதா? கரிந்து போகட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாசனை மாறியது. இனிப்பு வாசனையில் லேசாக ஒரு கசப்பு ஏறியது. போன்காரியோ இன்னும் கிளறச் சொல்கிறாள். இதற்கு மேல் விட்டால் அது அதிரசமாகாது, கருங்கல்தான். எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

"எறக்குடி! சட்டிய எறக்குடி! பாகு முறுகுது!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் போன் நின்றது. சட்டியை நங்கென்று தரையில் வைத்த சத்தம் கேட்டது.

"எறக்கிட்டேன். இப்ப என்ன செய்யணும்?" என்றாள், நேற்றும் பேசியவள் மாதிரி.

"கொஞ்சமா சுடுதண்ணி ஊத்து."

"கொஞ்சம்னா எவ்வளவு? வந்து பாருங்கக்கா!"

போனேன். ஆனால் வாசற்படியில் கால் நின்றுவிட்டது. "நாங்க சாவு விழுந்த வீடு. நல்ல நாளுப் பலகாரத்துல என் கை படலாமாடி?"

"பாகு கல்லாப் போவுது, நீங்க படியில நின்னு சாஸ்திரம் பேசுறீங்க. உள்ள வாங்கக்கா!"

சுடுதண்ணீர் ஊற்றி மறுபடியும் கொதிக்கவிட்டேன். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்தேன். மெத்தென்று உருண்டது. ஏலக்காய் போட்டு, சட்டியை இறக்கி, நான் மாவைத் தூவத் தூவ அவள் கிண்டினாள். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏன்டி, என்னைக்கும் இல்லாம ஒனக்கு இந்த வருஷம் எதுக்கு அதிரசம்?"

அவள் நிமிரவில்லை. "ஒங்க வீட்டுல சட்டி வைக்கக் கூடாது. மாமாவுக்குப் படைக்க வேற யாரு சுடுவா? பல்லில்லாத மனுஷன் முறுக்கக் கடிப்பாரா?" கொஞ்ச நேரம் கிண்டினாள். "நான் அன்னைக்கு அந்த வார்த்தைய சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "கை விடாமக் கிண்டு, கட்டி தட்டிப்போவும்" என்றுதான் சொல்ல வந்தது.

தீபாவளியன்று விடிந்ததும், ஊறியிருந்த அந்த மாவை அவள் சட்டியில் அவளே தட்டிச் சுட்டாள். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தீயைக் குறை, எண்ணெயை நல்லா அமுக்கி எடு என்று விரட்டிக்கொண்டிருந்தேன். தட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். மாமா படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து வேட்டி வைத்திருந்தோம். அதிரசத்தை நான் வாங்கி வைக்கவில்லை, அவளையே வைக்கச் சொன்னேன். ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன். பஞ்சுதான்.

பின்னால் கட்டியிருந்த ஆடு கத்தியது. அவள் படத்தைப் பார்த்தாள்.

"இந்தாங்க மாமா, தின்னுங்க. ஆனா ஒங்க ஆடு இனி நம்ம போஞ்சிப் பக்கம் வந்துச்சு, கறிதான்" என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். எப்போதும் வருகிற பதிலுக்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"வையி வையி," என்றேன் நான். "எனக்கும் ஒரு கிண்ணம் குடு."