மழைப்பாட்டு ஒன்று போதுமாம்

இறந்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டவர் வீட்டில் பியானோ இருந்திருக்காது. என் வீட்டுக்காரர் போய் இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் செகந்திராபாத் அல்வாலில் எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவரைப் புகழ்ந்த புகழ்ச்சியில், நான் வேறு யாருடனோ குடும்பம் நடத்திவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஜாஸ் மேதையாம். அந்த மேதைக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்யத் தெரியாது என்பது வந்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது. காபி கொடுத்து அனுப்பினேன்.

அவருடைய குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்டது. நான் வேலூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பெண் கேட்டு வந்தபோது, "பையனுக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம், சங்கீதமும் தெரியும்" என்றார்கள். என் அப்பா ஆர்மோனியம் என்று நினைத்துக்கொண்டு சம்மதித்தார். வந்து பார்த்தால் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புப் பியானோ. பகலில் ஆபீசில் கோப்பு பார்ப்பார். சாயங்காலம் ஏதாவது ஒரு கிளப்பிலோ ஓட்டலிலோ வாசிப்பார். இரண்டு இடத்திலும் கொடுத்த பணம் வீட்டுக்கு வந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தான்.

ஞாயிறு காலையில் டேப்ரெக்கார்டரை பியானோ மேல் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு உட்காருவார். பிற்காலத்தில் டேப்ரெக்கார்டர் பழுதானால் எங்கிருந்தோ இன்னொன்று தேடிக் கொண்டுவருவாரே தவிர வேறு எதிலும் பதிவு செய்ய மாட்டார். அவருக்குப் பிடித்தவை பழைய அமெரிக்கப் பாட்டுகள் கொஞ்சம். அதிலும் மழையைப் பற்றிய ஒரு பாட்டு இருக்கிறதே, அதை வாசிக்காத வாரம் கிடையாது. முதலில் ஒரு சுற்று ஒழுங்காக வரும். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். நாம் கொஞ்சம் லயிக்கிற நேரம் பார்த்துப் பாட்டைக் கைவிட்டுவிடுவார். அங்கே போவார், இங்கே போவார். சாவியைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவர் மாதிரி ஒவ்வொரு மூலையாகத் தடவுவார். கடைசியில் எப்படியோ பாட்டு கிடைத்துவிடும், முடிப்பார்.

"ஒரு தடவையாவது நேரா வாசிச்சா என்ன?" என்று கேட்பேன்.

"நக்கோ, வேணாம். நேரா கேக்கணும்னா ரேடியோ போட்டுக்க" என்பார்.

நான் சும்மா இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்து, கழுவி, மசாலா அரைத்து, அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் நான் அல்லாடிக்கொண்டிருப்பேன். "ஏங்க, தண்ணி காஞ்சிடுச்சி, குளிக்கப் போறீங்களா இல்லியா?" என்று சமையலறையிலிருந்து கத்துவேன். அதற்கு வாய் திறந்து பதில் சொன்னதே இல்லை. நான் கத்திய ராகம் இருக்கிறதே, அதில் குரல் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, எந்த இடத்தில் இழுத்தது என்று அப்படியே பிடித்து வலது கையால் வாசித்துக் காட்டுவார். காட்டிவிட்டு விடவும் மாட்டார். அதையே தலைகீழாகப் புரட்டி, மெதுவாக்கி, கடைசியில் மழைப்பாட்டுக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கிண்டலா பண்றீங்க?" என்று இன்னும் பெரிதாகக் கத்துவேன். அதுவும் பாட்டுக்குள் போய்விடும். கொத்தமல்லி இல்லை என்றால் அது ஒரு திருப்பம், மிக்சி ஓடவில்லை என்றால் இன்னொரு திருப்பம். கூடவே குக்கர் விசில் வேறு. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. எங்களுக்குள் நடந்த பேச்சில் பெரும்பங்கு இப்படித்தான் நடந்தது, அத்தனையும் டேப்பில் பதிவானது.

கேசட்டின் முதுகில் பாட்டின் பெயரை மட்டும் எழுதுவார். தேதி கிடையாது, வருஷம் கிடையாது. மழைப்பாட்டு, மழைப்பாட்டு, மழைப்பாட்டு என்று வரிசையாக நிற்கும்.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில், ஊரின் மறுகோடியில் இருக்கும் கொண்டாப்பூரிலிருந்து ஜாஸ் ரசிகர்கள் சிலர் போனில் பேசினார்கள். அங்கே ஒரு காபிக் கடை மாடியில் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தப் போகிறார்களாம், அவர் வாசித்த பதிவு ஏதாவது வேண்டுமாம். என் மகனும் அங்கேதான் இருக்கிறான், சாப்ட்வேர் வேலை. கேசட் பெட்டிகளை அவனே வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனான். எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. கடைசி டேப்ரெக்கார்டரும் ஓடாமல் போய் நாளாகிவிட்டது, இனி நினைத்தபோது போட்டுக் கேட்கலாம் என்று இருந்தேன். அவர் போனபின் வீட்டில் இருக்கும் அமைதி எனக்கு ஆகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் விரல் அளவில் ஒரு பென் டிரைவும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் கொண்டுவந்தான்.

"எல்லாம் நீட்டா பண்ணிட்டேன்மா. ஒரே பாட்டு எத்தன தடவ இருந்துச்சு தெரியுமா? டூப்ளிகேட்ஸ் எல்லாம் தூக்கிட்டேன். ஒவ்வொண்ணுலயும் பெஸ்ட் குவாலிட்டி எதுவோ அத மட்டும் வெச்சிருக்கேன்."

"தூக்கிட்டேன்னா? எங்க தூக்கின?"

"டெலிட் பண்ணிட்டேன். அன்னி ஒகட்டே கதா, அம்மா."

எல்லாம் ஒன்றுதானே என்று என்னிடம் தெலுங்கில் கேட்கிறான். இவனைச் சின்ன வயதில் சபா சபாவாகக் கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரே கல்யாணியை ஒரே வித்வான் எட்டு இடத்தில் பாடினாலும் எட்டையும் சேர்த்து வைக்கிற மாமாக்களைப் பார்த்து வளர்ந்தவன். அவர்களிடம் போய் ஒன்று போதும் என்று சொல்லிப் பார்க்கட்டும். சொந்த அப்பன் வாசித்தது மட்டும் டூப்ளிகேட்டாம்.

"கேசட்டாவது இருக்கா?"

"கன்வர்ட் பண்ண கடையில, திருப்பி வேணுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். எல்லாத்துலயும் உன் சத்தம்தான்மா, குக்கர் சத்தம்தான். அப்பா வாசிக்கிறத அது கெடுக்குது."

திட்டுவதற்கு எனக்கு வார்த்தை தேட வேண்டியதில்லை. நான் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். அவன் உடனே கடைக்குப் போனான். கேசட்டெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். அழித்ததை மீட்கத் தெரிந்த நண்பன் ஒருவனிடம் கணினியைக் கொடுத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து, "சாரிம்மா" என்று என் எதிரில் உட்கார்ந்தான். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சோறு போட வேண்டிய வேலையும் எனக்குத்தான் வந்தது.

மீந்த மழைப்பாட்டைப் போட்டுக் கேட்டேன். தெளிவாகத்தான் இருந்தது, ஒரு இரைச்சல் இல்லை. முதல் சுற்று வந்தது. இரண்டாவது சுற்றும் அப்படியே வந்தது. மூன்றாவதிலும் மனிதர் எங்கேயும் போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நேராக வாசித்து நிறுத்தினார். இது அவர்தானா என்று நான் நினைக்கும்போதே பதிவின் கடைசியில் அழைப்பு மணி அடித்தது. "சாப், பிரியாணி பார்சல்" என்று வாசலில் ஒரு குரல்.

புரிந்துவிட்டது. நான் சமையலறையில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை, வெளியிலிருந்து பிரியாணி வரவழைக்கிற தைரியம் அவருக்குக் கிடையாது. தங்கைக்கு ஆபரேஷன் என்று நான் வேலூருக்குப் போயிருந்த வாரம் அது. கத்த ஆள் இல்லை, அவருக்கும் போய்ச் சுற்ற இடம் இல்லை. எத்தனையோ பதிவுகளில் நான் இல்லாத ஒன்றைத்தான் சுத்தமானது என்று என் மகன் பொறுக்கி எடுத்திருக்கிறான்.

அஞ்சலிக் கூட்டத்தில் அதைத்தான் போட்டார்கள். தாடி வைத்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "என்ன ஒரு நிதானம், என்ன ஒரு தூய்மை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அது நிதானம் இல்லை, வீட்டில் ஆள் இல்லாததால் வந்த சலிப்பு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. மகன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஆளுக்குக் கறி எதற்கு என்று ரசம் மட்டும் வைத்தேன். வீடு வெறிச்சென்று இருக்கவே, கூடத்தில் ஸ்பீக்கரை வைத்து மழைப்பாட்டைப் போட்டுவிட்டு வந்து புளி கரைத்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்று முடிந்தது. என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்.

"ஏங்க, தண்ணி காஞ்சிடுச்சி."

கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். கூடத்தில் பாட்டு எங்கேயும் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.