சொட்டு நின்ற வீடு

முத்துச்சாமி வீட்டுக் குளியலறைக்குள் தலையை நீட்டிய பிராங்க்ளினின் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சிவப்பு வாளிதான். பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்து கிடந்தது.

போன தடவை வந்தபோது அது பாதி நிறைந்திருந்தது. கீசருக்கு அடியில் தொங்கும், உள்ளே அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் சேப்டி வால்விலிருந்து தண்ணீர் ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்குக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக் காத்திருக்கிற ஊர் திண்டுக்கல். அங்கே ஒரு சொட்டு வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனசு வராது. "ராத்திரி படுத்தா அந்தச் சத்தந்தான் காதுக்குள்ள விழுகுது தம்பி" என்று முத்துச்சாமி புலம்பியிருந்தார்.

அன்றைக்கு வால்வின் வாயை விரலால் தடவிப் பார்த்தான் பிராங்க்ளின். போர் தண்ணீரின் உப்பு சுண்ணாம்பாய்ப் படிந்திருந்தது. அதோடு விட்டுவிடாமல் கீசரைப் போட்டுவிட்டு எதிரே நின்றான். தண்ணீர் சூடேறியதும் சிவப்பு விளக்கு தானாக அணைய வேண்டும். அணையவே மனசில்லாதது போல அது வெகுநேரம் எரிந்துவிட்டு அணைந்தது.

"உப்பு ஏறுனதாலயும் சொட்டுது, சூடு மிஞ்சிப் போறதாலயும் சொட்டுதுய்யா. வால்வையும் மாத்தணும், சூட்டை நிறுத்துற தெர்மோஸ்டாட்டையும் மாத்தணும். சாமான் வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் சுவிட்சைத் தொட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

இப்போது சாமானோடு வந்திருக்கிறான். வாளி காய்ந்து கிடக்கிறது. அதற்கு மேலே, கீசரில், சிவப்பு விளக்கு எரிகிறது.

அதற்கு நேர் கீழே மணைபோட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் ரம்ஜான் பீவி. அந்தத் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்ட அவர்தான் வருவார். முத்துச்சாமியின் மகள் புவனேஸ்வரி பெற்ற பிள்ளை, உடம்பெல்லாம் எண்ணெயோடு, அவர் காலில் குப்புறக் கிடந்தது.

"வாங்க டிகிரி தம்பி!" என்று பின்னாலிருந்து முத்துச்சாமியின் குரல் கேட்டது. "உன் வால்வை நீயே வச்சுக்க. சொட்டு நின்னுபோச்சு."

"எப்படிய்யா நின்னுச்சு?"

"வேப்பங்குச்சியைச் சீவி ஓட்டையில இறுக்கி அடிச்சு, மேல எம்-சீல் வச்சு அப்பிட்டேன். மில்லுல வேலை பார்த்தப்ப நான் அடைக்காத ஓட்டையா?"

முத்துச்சாமி சொன்ன 'டிகிரி' பிராங்க்ளினுக்குப் பழகிய கேலிதான். சாணார்பட்டிக்குக் கிழக்கே தக்காளிக் காட்டில் வளர்ந்தவன் அவன். அவன் வீட்டில் அவனுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் கிடையாது. அதனால் விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் என்று போட்டு, கீசர், மோட்டார், பைப் வேலை என்பதை அதற்குக் கீழேதான் அச்சடித்திருந்தான். "இம்புட்டுப் படிச்சவன் அடுத்தவுக குளிக்கிற ரூம்லயே குடியிருக்கானே" என்பாள் அம்மா. "நான் படிச்ச சூடும் அழுத்தமும் அங்கதானம்மா இருக்கு" என்பான் இவன்.

அந்தச் சூடும் அழுத்தமும் இப்போது ஒரு பிள்ளையின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன.

"கீசரை எப்பப் போட்டீங்க?"

"விடியவே போட்டாச்சு. பிள்ளைக்குச் சுடச்சுட வேணும்ல."

பிராங்க்ளின் ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கீசர் குழாயில் வைத்து, கைப்பிடியில் காதை அழுத்தினான். எப்போதும் வண்டு முனகுவது போலத்தான் கேட்கும். இன்றைக்குக் கல் உருளுகிற சத்தம் கேட்டது. கீசருக்குள் பச்சைத்தண்ணீர் போகிற, குளிர்ந்திருக்க வேண்டிய குழாயில் விரல் பட்டது, சுரீரென்று சுட்டது.

"அம்மா, பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய வாங்க."

"எண்ணெ தேச்ச பிள்ளை வழுக்கிரும் வாப்பா. செத்த இரு, ரெண்டு செம்பு ஊத்திட்டு வாரேன்" என்று பீவி வெந்நீர்க் குழாயைத் திருகக் கையை நீட்டினார்.

அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான். "தொடாதீங்க! வெந்துபோகும்!"

சத்தம் கேட்டு வந்த புவனேஸ்வரி, அவன் முகத்தைப் பார்த்தாள். துண்டை விரித்துப் பிள்ளையை வாரிச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பீவி முணுமுணுத்தபடி பின்னால் போனார். பிராங்க்ளின் கரண்ட் மெயினை இறக்கினான். திரும்பிப் பார்த்தால், முத்துச்சாமி கையில் கட்டிங் பிளேயரோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

"நான் அடிச்ச குச்சி. நானே புடுங்கிர்றேன்."

ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டி இழுத்தான்.

"புடுங்குனா மூஞ்சியில அடிக்கும்யா! வாங்க வெளிய!"

"டிகிரி படிச்சா பெரிய மனுசன் மேல கை வைக்கலாமாடா?"

"இன்னிக்கு வைக்கலாம்!"

இருவரும் வீட்டு வாசற்படியைத் தாண்டினார்களோ இல்லையோ, உள்ளே சிதறுகாய் உடைத்தது போல ஒரு சத்தம் கேட்டது. அடுத்து சீறல். குளியலறை ஜன்னல் வழியே வெள்ளை வெளேரென்று ஆவி பீறிட்டு, எதிர்ச்சுவரில் மோதி மேலே ஏறியது. பிள்ளை அலறியது. முத்துச்சாமி கட்டிங் பிளேயரைப் படியில் வைத்தார்.

சீறல் அடங்கிய பிறகு உள்ளே போனார்கள். வாளியின் அடி பிளந்து, அந்தப் பிளவில் வேப்பங்குச்சி குத்திட்டு நின்றது. கொதிநீர் பட்ட வாளி ஒருபக்கம் தொய்ந்து சரிந்திருந்தது. பக்கத்தில் கிடந்த மணையிலிருந்து இன்னும் லேசாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. பீவி அந்த மணையைப் பார்த்தார்; குனிந்து தன் காலைத் தடவிக்கொண்டார். "யா அல்லாஹ்" என்றார்.

டாங்கியை ஆறவிட்டு வடித்துப் பழைய வால்வைக் கழற்றினான் பிராங்க்ளின். மரையில் டெஃப்லான் டேப் சுற்றிப் புதியதை முறுக்கினான். தெர்மோஸ்டாட்டையும் மாற்றினான். தண்ணீர் நிறைத்துக் கீசரைப் போட்டபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. விளக்கு அணைய வேண்டிய நேரத்தில் அணைந்தது. வால்வின் மூக்கில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது.

"மறுபடி சொட்டுதேப்பா" என்றாள் புவனேஸ்வரி பயந்துபோய்.

"சூடேறுறப்ப ரெண்டு சொட்டு விடத்தான் செய்யும். விடாட்டித்தான் எனக்குப் போன் பண்ணணும்."

முத்துச்சாமி வேறொரு வாளி கொண்டுவந்து வால்வுக்கு அடியில் வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை.

"தம்பி… எதுத்த வீட்டு லிடியா டீச்சர் வீட்லயும் இப்படித்தான் சொட்டுச்சு. அங்கயும் நாந்தான் குச்சி…"

பிராங்க்ளின் வாசலுக்கு வந்து பார்த்தான். எதிர்வீட்டுக் கேட்டுக்குள் டீச்சரின் ஸ்கூட்டி நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்தாயிற்று. பக்கவாட்டில், மேலே குளியலறையின் சின்ன ஜன்னலில் விளக்கு எரிந்தது.

ஓடினான். மெயின் வெளிச்சுவரில்தான் இருந்தது. முதலில் அதை இறக்கினான். பிறகுதான் கதவைத் தட்டினான்.